உடைமைப் பொருள்

அப்பா போன ஆறே மாதத்தில், மாடிக்குப் பூட்டுப் போட அண்ணன் வந்து நின்றான். மாடியில் இருந்தவள் அவன் தங்கை. பள்ளியில் இலக்கணம் நடத்துகிறவள். பிள்ளைகளைவிடத் தலைமையாசிரியரையே அதிகம் திருத்தியவள். வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது அவளுக்குக் கைவந்த கலை. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது.

கூண்டில் நின்றவளை அண்ணனின் வக்கீல் சிரித்த முகத்தோடு நெருங்கினார்.

"குழாய் ரிப்பேர்க்காரருக்கு விலாசம் சொன்னப்போ யார் வீடுன்னு சொன்னீங்க?"

"அண்ணன் வீடுன்னு."

"அவ்வளவுதான். நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

பின்வரிசையில் அண்ணன் கால்மேல் கால் போட்டான். அதைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை சூடேறியது.

"ஆறாம் வேற்றுமைக்கு உடைமைன்னு ஒரு பொருள் இருக்கு. அதுக்காக எல்லாம் சொத்தாயிடாது. என் ஊர்னு சொல்றேன், ஊரை விலைக்கு வாங்கிட்டேனா? என் எதிரின்னு சொன்னா, அவனைப் பெட்டியில வெச்சுப் பூட்டியிருக்கேனா?"

கடைசிக் கேள்வியை அண்ணனைப் பார்த்தே கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார், அதுதான் ஆபத்து.

"ரொம்பச் சரி டீச்சர். உங்க மனுவில 'என் வீடு'ன்னு இருக்கே, அதுவும் அந்த ஊர் மாதிரிதானே?"

அவளுடைய சொந்தக் கத்தியே கையைக் கிழித்துவிட்டது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இலக்கணம் போதும். சட்டத்துல உடைமைன்னா கைவசம் இருக்கிறது. அது வேற, உரிமை வேற. வீடு யாருக்குன்னு விசாரணை முடிவுல பார்ப்போம். இப்ப மாடியில குடியிருக்கிறது யாரு?"

"நான்தான்."

"தீர்ப்பு வர்ற வரைக்கும் அவங்களை யாரும் வெளியேத்தக் கூடாது."

ஜெயித்தோம் என்று நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வீடு திரும்பினால், மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாயை மூடிக் கைப்பிடியையும் கழற்றியிருந்தார்கள்.

"கைப்பிடி எங்க அண்ணி?"

"உன் ஜட்ஜைப் போய்க் கேளு."

வாளியோடு கீழ்வீட்டுக் குழாய்க்கு நடந்தாள். அண்ணன் வாசலை மறித்தான்.

"எங்க வீட்டுக்குள்ள கால் வைக்காதே."

அப்பா இருந்தவரை அவன் 'நம்ம வீடு' என்றுதான் சொல்லுவான். அந்தச் சொல் மாறியது அவள் காதில் சுருக்கென்று தைத்தது. திருத்தவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அவன் வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து யாரும் வெளியே போக முடியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் கைப்பிடி ஜன்னல் வழியாகப் பறந்து வந்து விழுந்தது, கூடவே அண்ணியின் வசவும். கைப்பிடியை எடுத்துக்கொண்டாள். வசவை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியேறினாள்.