வேர்முடிச்சு

நாலு வருஷமாகத் தரிசாகக் கிடந்த கிணற்றடி நிலத்தில் சோயா போடலாம் என்று சொன்னது ராமுத்தாய்தான். சுருளிப்பட்டிச் சமுதாயக் கூடத்தில் அக்ரி ஆபீசர் ஜேசுராஜ் கூட்டம் போட்டு, சோயாச் சுண்டலும் மீல்மேக்கர் குழம்பும் பரிமாறி, விதையையும் இலவசமாகக் கொடுத்திருந்தார்.

"இதுகிட்ட ஆட்டுக்கறி தோத்துச்சு தம்பி! போட்டுத்தான் பாப்பமே" என்றாள் கொழுந்தன் ஈஸ்வரபாண்டியிடம். அவனுக்கோ ஒரு வாய்கூட இறங்கவில்லை. குழம்பு என்ன பாவம் செய்தது, அந்த நிலத்தின் பேச்சை எடுத்ததுதான் காரணம்.

அந்தக் கிணற்றில்தான் அவள் புருஷன் சங்கிலி செத்தான். அன்று காலை தண்ணீர் முறைக்காக அண்ணன் தம்பிக்குள் வாய்ச்சண்டை. பிறகு மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்று சங்கிலி கிணற்றுக்குள் இறங்கினான். படிக்கல் வழுக்கிவிட்டது. நீச்சல் தெரிந்தவன்தான், இடுப்பில் அடிபட்டால் எவன் நீந்துவான்? "தம்பி, கயித்தப் போடுறா!" என்று அவன் கூப்பிட்டது வாழைக்குள் நின்ற ஈஸ்வரபாண்டிக்கு நன்றாகவே கேட்டது. கொஞ்ச நேரம் கத்தட்டும், அப்போதுதான் திமிர் அடங்கும் என்று நினைத்தான் மடையன். தூக்குவாளியில் கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது கிணற்றில் சத்தமே இல்லை.

காலையிலேயே கம்பம் டவுனுக்குப் போய்விட்டதாக ஊரிடம் சொன்னான். ஊர் நம்பியது, மதினியும் நம்பினாள். கிணறு மட்டும் நம்பவில்லை. அந்தப் பக்கம் போனாலே உள்ளிருந்து அதே குரல் அவனைக் கூப்பிட்டது.

விதைக்கிற அன்று ஏதோ நுண்ணுயிர்ப் பொடியை ஆறின கஞ்சியில் கலந்து விதையில் புரட்டச் சொன்னார் ஜேசுராஜ். ராமுத்தாய் கஞ்சி எடுக்கப் போயிருந்தாள். அந்தப் பொடி வேரில் என்ன செய்யும் என்று அவர் விளக்கும்போது ஈஸ்வரபாண்டியின் காது கிணற்றில் இருந்தது.

நாற்பதாம் நாள் களையெடுப்பு. நல்ல வெயில். களையோடு ஒரு சோயாச் செடியும் ராமுத்தாயின் கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் மிளகு போல முடிச்சுகள். ஒன்றை நகத்தால் நசுக்கினாள்.

"இங்கன பாரு தம்பி. வேருக்குள்ள ரத்தம்!"

விரலில் சிவப்பாக ஒட்டியிருந்தது. இன்னொன்றை நசுக்கினாள், அதுவும் சிவப்பு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. அண்ணன் மண்ணுக்குள்ளிருந்து சாட்சி சொல்ல வந்துவிட்டான் என்றே நம்பிவிட்டான்.

"அன்னைக்கு நான் கம்பத்துக்குப் போகல மதினி. இங்கனதான் நின்னேன். அண்ணன் கூப்பிட்டாக. கேட்டுச்சு. வேணுமின்னேதான் போகல."

ராமுத்தாய் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. செடியைக் கையில் பிடித்தபடியே, "என்ன சொல்லிக் கூப்பிட்டாக?" என்று மட்டும் கேட்டாள்.

"தம்பின்னு."

செடியைக் கீழே போட்டுவிட்டு, வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் வந்த ஜேசுராஜ், வாடிக் கிடந்த அந்தச் செடியை எடுத்து ஒரு முடிச்சை நசுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உள்ள சிவப்பா இருக்கா? அப்ப பொடி நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். வெள்ளையா இருந்தாத்தாங்க பயப்படணும். எந்த ஊருச் சோயாவுக்கும் இப்படித்தான்."

எந்த ஊர்ச் சோயாவுக்கும்! அப்படியென்றால் அண்ணன் சாட்சி சொல்ல வரவேயில்லை, ஈஸ்வரபாண்டி தன் வாயாலேயே எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான்.

ராமுத்தாய் போலீசுக்கும் போகவில்லை, ஊரையும் கூட்டவில்லை. அறுப்புக்கு வந்தாள், தன் பங்குப் பயறை எடுத்துப் போனாள். ஆனால் அதன் பிறகு அவனைத் தம்பி என்று ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. ஏதாவது வேலை என்றால் அவன் பெண்டாட்டி முனீஸ்வரியிடம், "அந்த ஆள வரச் சொல்லு" என்பாள்.

அதைவிடக் கொடுமை, கிணறும் வாயை மூடிக்கொண்டது. மிச்சம் மீதி நின்ற காய்கள் வெயிலில் படபடவென்று வெடிப்பதைத் தவிர அங்கே ஒரு சத்தமும் இல்லை. ஈஸ்வரபாண்டி தினமும் போய், கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறான், அண்ணன் ஒரு தரம் கூப்பிட மாட்டானா என்று.