தவில் பக்கத்து மண்டபத்தில்

உன் மகள் மோனிகா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். பதில் தெரிந்தால்தானே சொல்வதற்கு? சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறாள். கடைவீதி மாடியில் பிள்ளைகளுக்குப் புல்லாங்குழல் சொல்லித் தருகிறாள். பாட்டுக் கச்சேரிக் குழுவில் ஆள் குறைந்தால் பேடு தட்டப் போகிறாள். யாரோ நாலு பையன்கள் குறும்படம் எடுத்தால் அதற்கு வீட்டுக்குள் உட்கார்ந்து இசை போட்டுத் தருகிறாள். கல்லூரியில் கற்ற பறையையும் விடவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே அடுப்படி, அதே கையெழுத்து. ஒரு ஆள் ஒரு வேலை பார்த்தால் அது உத்தியோகம், ஐந்து வேலை பார்த்தால் அது அலைச்சல் என்பது என் கட்சி.

அதனால்தான் சென்னையில் இருக்கும் என் தம்பி இளவழகன் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை சொல்லி வைத்ததும் நான் உடனே தலையாட்டிவிட்டேன். திங்கட்கிழமை சேர வேண்டும். மோனிகா கத்தவில்லை, அழவில்லை. சனிக்கிழமை ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"நாளைக்கு ஒரு கல்யாணத்துல வாசிக்கிறேன். நீ என்கூட வந்து பாரு. பாத்துட்டும் போன்னு சொன்னன்னா, பேசாம பஸ் ஏறிடுறேன்."

"பாக்காமயே சொல்லுவேன்," என்றேன்.

"பாத்துட்டு சொல்லும்மா."

சரி, கல்யாணச் சாப்பாடாவது மிச்சம் என்று கிளம்பினேன்.

பெரிய முகூர்த்த நாள். செஞ்சியில் ஒரு மண்டபமும் காலி இல்லை. திருவண்ணாமலை சாலையில் மட்டும் மூன்று மண்டபங்களில் சீரியல் விளக்கு எரிந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் ஸ்கூட்டியில் முன்னால் பேட்டை வைத்துக்கொண்டு அவள் ஓட்ட, பின்னால் கீபோர்டைக் குழந்தை மாதிரி மடியில் கிடத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பேடு என்பது சூட்கேஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பலகை. மேலே ரப்பர் கட்டங்கள். எந்த மேளத்தின் சத்தத்தை உள்ளே ஏற்றி வைக்கிறோமோ, தட்டினால் அந்தச் சத்தம் வரும். என் வரையில் அது ஒரு விலை உயர்ந்த விளையாட்டுச் சாமான்.

மோனிகாவின் கச்சேரி தாலி கட்டிய பிறகுதான். அதுவரை நாதஸ்வரம். மணமேடைக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தில் தேவேந்திரன் என்ற நாதஸ்வரக்காரர் தனியாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். தனியாக என்பதுதான் வில்லங்கம். தவில்காரரைக் காணோம். அவலூர்பேட்டையிலிருந்து வர வேண்டியவர், போனை எடுக்கவில்லை. முகூர்த்த நாளில் இப்படித்தான் செட் சேர்ப்பார்களாம். நாதஸ்வரம் ஒரு ஊர், தவில் ஒரு ஊர், போனில் பேசி மண்டபத்தில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள்.

பெண்ணின் அம்மா ஆண்டாள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தார். கெட்டிமேளம் இல்லாமல் தாலி ஏறுமா? அந்த நேரத்தில் ஒரு தும்மலோ, குழந்தை அழுகையோ, யாராவது வாய் தவறிச் சொல்லும் சொல்லோ காதில் விழுந்துவிடக் கூடாது. மண்டபத்தையே சத்தத்தால் மூடியாக வேண்டும். ஒற்றை நாதஸ்வரம் மூடுமா?

தேடப் போன மாப்பிள்ளைத் தோழன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஆளு பக்கத்து மண்டபத்துல வாசிக்கிறாரு!"

"இன்னாது?" என்றார் ஆண்டாள்.

"நாதஸ்வர சத்தம் கேட்டுதாம். நம்ம செட்டுதான்னு மாடி ஏறிப் போயி உக்காந்து வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு. அங்க இருக்குற தவுலுக்காரரு, ரெண்டாவது தவுலு வெச்சிருக்காங்கன்னு நெனச்சிட்டாராம். வாசிக்கும்போது போன் எங்க கேக்கும்?"

"இட்டுகிட்டு வர்றதுதானே?"

"அங்க தாலி எடுத்துட்டாங்கம்மா. இப்ப எழுந்தா ஆகாதுன்னு சொல்லிட்டாரு."

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆண்டாளின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் நல்ல நேரம் முடிகிறது. ஆண்டாள் அங்கேயே நின்று அழத் தொடங்கிவிட்டார். ஒரே பெண்ணாம்.

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மோனிகாவைக் காணோம். அவள் பேட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஜமக்காளத்தில் தேவேந்திரனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒயரை மைக்செட்காரரிடம் நீட்டிவிட்டுத் தேவேந்திரனைப் பார்த்தாள்.

"அண்ணா, இதுல தவில் இருக்குது. நானே கோயில் திருவிழாவுல ஒவ்வொரு அடியா பதிவு பண்ணது. நான் வாசிக்கிறேன்."

தேவேந்திரன் நாதஸ்வரத்தின் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். கோபம் பொங்கியது அவருக்கு.

"மெஷினாம்மா? நான் எங்க மூச்சு வாங்குவேன், எங்க விடுவேன்னு அதுக்குத் தெரியுமா?"

"அதுக்குத் தெரியாதுண்ணா. எனக்குத் தெரியும். வந்ததுலேர்ந்து உங்க கழுத்தத்தான் பாத்துட்டு இருக்கேன்."

திமிரைப் பார்த்தீர்களா? பெற்றவள் நான், எனக்கே ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றியது. ஆனால் அவர் ஒரு நிமிஷம் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, தொடையில் விரலால் ஒரு வேகத்தைத் தட்டிக் காட்டினார். அவள் தலையசைத்தாள். பேட்டை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டாள். இடது கையில் மட்டும் ஒரு குச்சி. வலது கையில் விரல்கள்தான், தவில்காரர்கள் வாசிப்பது போலவே.

"இது சொதப்புனா?" என்று அவள் காதில் கேட்டேன்.

"சொதப்புனா இந்த ஊர்ல இனி யாரும் கூப்புட மாட்டாங்க. நீயும் நிம்மதியா என்னை பஸ் ஏத்தலாம்," என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் ஊதத் தொடங்கினார். முதலில் அவள் மெல்லத்தான் தொட்டாள், வழி கேட்பது போல. அவர் ஒரு இடத்தில் இழுத்து நிறுத்தினார், வேண்டுமென்றேதான் நிறுத்தினார் என்று எனக்கே தெரிந்தது. அவள் அங்கே அடிக்காமல் காத்திருந்தாள். அவர் மூச்சு எடுத்த இடத்தில் சரியாக விழுந்தாள். அவர் புருவம் உயர்ந்தது. இன்னொரு முறை வேறு மாதிரி இழுத்துப் பார்த்தார். அதற்கும் போய் நின்றாள்.

ஐயர் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. தரையிலிருந்து ஏறி வந்தது. என் வயிற்றில், பல்லில், கையில் இருந்த அட்சதை அரிசியில் அதிர்ந்தது. பின்னால் ஒரு குழந்தை வாய் திறந்து அழுதது, சத்தமே கேட்கவில்லை. மண்டபத்தில் ஒருவரும் மேளம் வாசிப்பது யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை அவர்களுக்கு. தவில் வாசிக்கிறது, தாலி ஏறுகிறது, அவ்வளவுதான். அத்தனை பேரும் மணமேடையைப் பார்த்து அரிசியைப் போட்டார்கள். தாலியைப் பார்க்காத ஒரே ஆள் நான்.

அவள் முகம் நான் பெற்ற முகமாக இல்லை. கண் அவர் கழுத்தில், விரல் எங்கேயோ, உதடு ஏதோ ஒரு கணக்கை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. சாமி வந்தவர்களைப் பார்த்தால் கிட்டப் போகப் பயந்து, ஆனாலும் விட்டு நகர மனசு வராமல் நிற்போமே, அந்தப் பயம். இவ்வளவு பெரிய ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, காலையில் பால் வாங்கி வா என்று விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முடிந்ததும் தேவேந்திரன் நாதஸ்வரத்தை மடியில் வைத்துவிட்டு அவளைக் கும்பிட்டார். "எந்த ஊரு தவில்காரரு வீட்டுப் பொண்ணும்மா நீ?"

"எங்கம்மா சத்துணவு," என்று என்னைக் காட்டினாள்.

அப்போதுதான் நிஜத் தவில்காரர் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தார். ஆண்டாள் அவரைத் திட்டவில்லை. இலை போடச் சொல்லிவிட்டு, மோனிகாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மோனிகாவோ அடுத்த கால் மணி நேரத்தில் மேடை ஏறி, எதுவுமே நடக்காதது போலக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு பாட்டுக்குப் புல்லாங்குழலை எடுத்தாள். அதே கைதானா என்று பந்தியில் உட்கார்ந்தபடி எட்டி எட்டிப் பார்த்தேன். இலையில் என்ன வைத்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெளியே வந்து ஸ்கூட்டியில் சாமான்களைக் கட்டும்போது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தாள். கல்யாணத்துக்கு வந்திருந்த யாரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

"வியாழக்கிழம எங்க ட்ரூப்புக்கு பேஸ் கிடார் ஆள் இல்லம்மா. நீங்க பேஸ் வாசிப்பீங்களா?"

மோனிகாவின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. ஸ்பீக்கரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அத்தனை திமிராக இருந்தவளின் குரல் இப்போதுதான் உடைந்தது.

"வியாழக்கிழம நான் ஊர்ல இருப்பனாம்மா?"

நான் போனைப் பிடுங்கினேன்.

"நான் அவங்கம்மா பாரதி பேசுறேன். வருவா. வாசிப்பா. நேரத்த மட்டும் சரியா சொல்லுங்க."

பேசி முடித்துப் போனைக் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி இளிக்கிற? பேஸ் கிடார்னா இன்னா அது? உனக்கு வாசிக்கத் தெரியும்தானே?"

"தொட்டதே இல்லம்மா."

"அடிப்பாவி! நான் வாக்கு குடுத்துட்டனேடி!"

"வியாழக்கிழமைக்குள்ள தெரிஞ்சிடும்," என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.

மற்ற நாளாக இருந்தால் நடுரோட்டில் வைத்தே திட்டியிருப்பேன். கீபோர்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, தம்பிக்குப் போன் போட்டேன்.