கண் திறந்த ஜெபம்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நர்ஸ் வீட்டு ஹாலில் ஜெபக்குழு கூடும். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ், பஸ் ஓட்டும் அவள் கணவர், கணக்கு டீச்சர், மாடிவீட்டுத் தம்பதி, அவ்வளவுதான் ஆட்கள். புதியவர்களைக் கூப்பிடச் சொல்லிப் பாஸ்டருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு ஞாயிறு நர்ஸ் துணிந்துவிட்டாள். சபையில் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரும் பெண்ணிடம் போய் நின்றாள். அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்பவள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். கூப்பிட்டதும் அவள் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

இரண்டு வாரம் வந்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து கவனித்தார்கள். மூன்றாம் வாரம் ஆளைக் காணோம். நாலாம் வாரமும் வரவில்லை.

"நாம என்ன குறை வச்சோம்?" என்றார் டீச்சர்.

"அவளையே கேட்டுட்டா போச்சு" என்றாள் நர்ஸ்.

திங்கள்கிழமை மதியம் அச்சகத்துக்குப் போனாள். இயந்திரங்களின் இரைச்சலில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. அங்கே எல்லோருமே கையால்தான் பேசிக்கொண்டார்கள். பைண்டர் மட்டும் நர்ஸின் உதட்டைப் பார்த்து ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொண்டாள். வெட்டிப் போட்ட தாள்துண்டு ஒன்றை எடுத்து எழுதினாள்.

"எல்லாரும் அன்பாத்தான் இருக்கீங்க அக்கா. ஆனா ஜெபம்னதும் கண்ணை மூடித் தலையைக் குனிஞ்சுக்கிறீங்க. உதடு தெரியல. அந்த அரைமணி நேரமும் வாசலுக்கு வெளியே நிக்கிற மாதிரி இருக்கு. உங்க வீட்டுக்காரர் நிமிர்ந்து பேசினாலும் மீசைதான் தெரியுது."

சிரிக்க ஆரம்பித்த நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை தாளை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள்.

"கண்ணைத் திறந்துக்கிட்டு ஜெபமா? நாப்பது வருஷப் பழக்கம்மா. மனசு அலைபாயுமே" என்றார் டீச்சர்.

"அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்துக்கிட்டே ஜெபிங்க டீச்சர். மனசு எங்க போயிடும்?" என்றாள் நர்ஸ்.

டீச்சர் எழுந்து, மூலையில் கிடந்த தன் நாற்காலியை இழுத்துவந்து விளக்குக்குக் கீழே போட்டார்.

டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். டிப்போவில் அவருக்குப் பெயரே 'மீசை'தான்.

"லேசா ஒதுக்கிவிட்டா போதுங்க" என்றாள் நர்ஸ்.

"செய்யறதை முழுசாச் செய்வோம்" என்று உள்ளே போனவர், வெளுத்த மேலுதட்டோடு திரும்பி வந்தார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த முகத்தை நீங்க காட்டலையே!"

மறுநாள் அவளே பைண்டரைத் தேடிப் போனாள். "இனிமே கண்ணை மூட மாட்டோம். வா" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வாசல் மணி அடித்தது. பைண்டர் நின்றாள். அவளுக்குப் பின்னால் காது கேளாத தோழிகள் இரண்டு பேர், ஒருத்தியின் கணவர். நாற்காலி போதவில்லை. டிரைவர் தரையில் சம்மணம் போட்டார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஜெபித்தார்கள். டீச்சரின் ஜெபம் எப்போதும் நீளமானது. அன்று நாலே வரி. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளைக் கொண்டுவந்தீரே" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வழிந்த கண்ணீரை மறைக்கவும் இல்லை.

அடுத்து பைண்டர் எழுந்தாள். இதுவரை சபையில் யாரும் அவளை ஜெபிக்கச் சொன்னதில்லை. அவள் கைகள் ஜெபித்தன. ஒவ்வொருவரையும் காட்டின, நெஞ்சைத் தொட்டன, மேலே உயர்ந்தன. முடித்ததும் அவள் தோழிகள் இரு கைகளையும் தூக்கி விரல்களைப் படபடவென்று அசைத்தார்கள். அதுதான் அவர்கள் கைதட்டு என்பது மற்றவர்களுக்கும் புரிந்துபோயிற்று. அந்தச் சின்ன ஹாலில் அத்தனை கைகளும் உயர்ந்தன.

டீச்சர் அவள் முன்னால் போய் நின்றார். "கையால 'ஆமென்' எப்படிச் சொல்லணும்? எனக்குச் சொல்லிக்கொடும்மா."

அவள் செய்து காட்டினாள். டீச்சர் முதல் தடவையே சரியாகச் செய்துவிட்டார். டிரைவருக்குத்தான் ஐந்து தடவை ஆயிற்று.