சர்ருவுக்கு ஒரு சக்தி

அக்கா தம்பியின் முதுகுக்குக் கீழே இன்னொரு தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற டாக்ஸிக்காரர், சர்ருவுக்குப் பறக்கும் சக்தி கொடுத்தால் அன்றோடு அந்தத் தொடரைத் தலைமுழுகிவிடுவதாக அறிவித்தார்.

சர்ரு ஒரு நத்தை. தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் நத்தை. வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை. குழந்தையின் பிறந்தநாள் பரிசோடு கிளம்பினால், போய்ச் சேரும்போது குழந்தைக்கு மீசை முளைத்திருக்கும். இத்தனை வருடங்களாக எந்தச் சக்தியும் இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்த அதற்கு, இனி ஒரே ஒரு விசேஷ சக்தி கொடுக்கப்போகிறார்கள். என்ன சக்தி என்பதை ரசிகர்களே சொல்லலாம், ஒரு குழுவுக்கு ஒரு யோசனை. அந்த அறிவிப்பு வந்ததிலிருந்து தம்பியின் ரசிகர் குழுவில் இருந்த கூட்டாளிகளுக்குத் தூக்கமே இல்லை. யோசனையை அனுப்ப மறுநாள் மாலைதான் கெடு.

அக்கா ஒரு பேக்கரியில் கேக் அலங்காரம் செய்கிறாள். எத்தனையோ பிறந்தநாள் கேக்குகளின் மேல் சர்ருவைக் கிரீமில் வரைந்திருக்கிறாள். ஆனால் ஒரு நாளும் உட்கார்ந்து அதைப் பார்த்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்த தம்பி, நாற்பதைத் தாண்டியும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொலைக்காட்சி முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பான். கழுதை வயசாகுது என்று முணுமுணுத்தபடி அவனைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவாள்.

அன்று காலையிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. மருத்துவர் வந்து, இனி நுரையீரல் தானாகத் தாக்குப்பிடிக்காது, குழாய் போட்டு மெஷினில் வைத்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், என்ன செய்யலாம் என்று கேட்டார். போடுங்கள் என்றாள் அக்கா. தம்பி ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, "போதும் டாக்டர்," என்றான். மருத்துவர் அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அவள் துணி மடித்தாள், தண்ணீர் பிடித்து வைத்தாள், திரையை இழுத்துவிட்டாள். அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவனோ கைப்பேசியை எடுத்து, குழுவிலிருந்து டாக்ஸிக்காரரையும் ஒரு கணக்கு டீச்சரையும் வரச் சொல்லிவிட்டான்.

டாக்ஸிக்காரருக்கு வேகம்தான் வேண்டும். சர்ரு என்று பெயரை வைத்துவிட்டு ஒரு தடவையாவது சர்ரென்று போக விடாமல் வைத்திருப்பது அநியாயம் என்பது அவர் கட்சி. டீச்சர், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கும் சக்தி வேண்டும் என்றாள். இரண்டு இடத்திலும் தாமதமாகப் போய்ச் சேருவதற்கா என்று கேட்டார் அவர். ஆஸ்பத்திரி என்ற நினைப்பில் முதலில் கிசுகிசுத்தவர்கள், கொஞ்ச நேரத்தில் அதை மறந்துபோனார்கள். சத்தம் போடாதீர்கள் என்று அதட்ட வந்த நர்ஸ், விஷயத்தைக் கேட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் மறையும் சக்தி கொடுங்கள், டியூட்டி நேரத்தில் ரொம்ப உபயோகப்படும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாகக் கிடக்கிறவன் தலைமாட்டில் நின்று என்ன பேச்சு இது என்று அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. வெளியே போங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கண்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. பல நாட்களாகச் சாம்பல் பூத்திருந்த முகத்தில் ஒரு ரத்த ஓட்டம் தெரிந்தது. அவன் விரலைத் தூக்கினான். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"வேகமெல்லாம் வேண்டாம்," என்றான் முகமூடியை விலக்கி. மூச்சு வாங்கியது. "அது தொட்டதெல்லாம்... அது மாதிரியே மெதுவாகணும்."

டாக்ஸிக்காரர் முகம் சுருங்கியது. அது என்ன சக்தி, என் பிழைப்புக்கே உலை வைக்கிறாயே என்றார். தம்பி விடவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கம்பி அறுந்து விழுகிற லிஃப்ட்டைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளே இருப்பவர்களுக்கு எலும்பு மிஞ்சாது. மெதுவாக்கினால் கதவைத் திறந்துகொண்டு நடந்து வெளியே வரலாம். சர்ருவிடம் ஏற்கெனவே இருப்பது அதுதான். புதிதாக எதையும் ஒட்டவைக்க வேண்டாம், இருப்பதைப் பரப்பினால் போதும்.

டீச்சர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு அவளால் உட்கார முடியவில்லை. கைதவறிய கண்ணாடி டம்ளரைத் தொட்டால்? பொங்குகிற பாலைத் தொட்டால்? தீயைத் தொட்டால்? ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றும் சரியாக வந்தது. பிரேக் பிடிக்காத லாரி என்று டாக்ஸிக்காரர் ஆரம்பித்து, அந்த லாரி நத்தையாய் ஊர்ந்து வருவதைக் கற்பனை செய்து, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இனி தான் இந்தக் கட்சிதான் என்றார். அறையே சூடேறிவிட்டது.

அக்கா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவளை அறியாமல் வார்த்தை வந்துவிட்டது.

"வலியில இருக்கறவங்களைத் தொட்டா?"

மூவரும் திரும்பினார்கள்.

"வலியும் மெதுவாத்தானே போகும்? அது பாட்டுக்கு ரொம்ப நேரம் இருந்துட்டே இருக்குமே."

ஆக்ஸிஜன் சீறும் சத்தம் மட்டும் கேட்டது. டாக்ஸிக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தம்பியோ முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். கண்கள் பளபளவென்று இருந்தன.

"இத்தனை வருஷம் எங்கக்கா இருந்தே நீ?"

கட்டிலில் தன் பக்கத்தைத் தட்டினான். அவள் உட்கார்ந்தாள். அப்புறம் பிடித்தது சண்டை. இந்தச் சக்தியே வேண்டாம், குழந்தைகள் பயந்துவிடும் என்று டாக்ஸிக்காரர் கட்சி மாறினார். வலிக்கு மட்டும் விலக்கு என்றாள் டீச்சர். வசதிக்குத் தகுந்த மாதிரி வளைத்தால் அது அழுகுணி ஆட்டம் என்றாள் அக்கா. தம்பி அவள் கையைப் பிடித்து அமுக்கினான். யாரும் அவனைப் பேச விடவில்லை. அவனும் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். கடைசியில் ஒரு தடவை முகமூடியைத் தூக்கினான்.

"அவசரப்படாதீங்க. யோசிப்போம்."

கண்ணை மூடிக்கொண்டான். யோசிக்கிறான் என்றுதான் மூவரும் நினைத்தார்கள். விவாதம் தொடர்ந்தது. நல்ல வாதம் ஒன்று சொல்லும்போதெல்லாம் அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். பிறகு சுவரோரம் போய் ஆக்ஸிஜன் குமிழைத் திருகினாள். சீறல் நின்றது. டாக்ஸிக்காரர் ஏதோ சொல்லத் தூக்கிய கை அப்படியே நின்றது.

மறுநாள் எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வீடு நிறைந்திருந்தது. உறவுக்காரர்களைவிட அந்தக் குழுதான் அதிகம். மருந்துக்கடைக்காரர், பல் டாக்டர், முடிதிருத்துபவர், வங்கிக் காசாளர் என்று யார் யாரோ சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுக்கெல்லாம் தம்பியை எப்படித் தெரியும் என்று மாமா கேட்டார். எல்லாரும் ஒரே இடத்து ஆட்கள் மாமா என்று சொல்லிவைத்தாள் அக்கா.

டீச்சர் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். நிமிர்த்துவாள், பார்ப்பாள், மறுபடி கவிழ்ப்பாள். டாக்ஸிக்காரர் தொண்டையைக் கனைத்தார். அக்காவே அவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் நேரம் இருக்கா?"

கொஞ்சம் இருக்கிறது என்றாள் டீச்சர்.

"அவன் சொன்னதையே அனுப்புங்க. ஆனா ஒண்ணு சேர்க்கணும். தொட்டவுடனே மெதுவாகட்டும். வலியில இருக்கறவங்க போதும்னு சொன்னா, விட்டுடணும்."

"போதும்னு யார் சொல்லணும்?" என்று கேட்டாள் டீச்சர். "சர்ருவா?"

"இல்ல. யாரைத் தொட்டுச்சோ அவங்க. சர்ரு சொல்லக்கூடாது. பக்கத்துல நிக்கறவங்களும் சொல்லக்கூடாது."

"சர்ருவுக்கு விட மனசு வரலைன்னா?"

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"மனசு வரலைன்னாலும் கையை எடுத்துடணும்."

பின்வரிசையிலிருந்து பல் டாக்டர் தயங்கித் தயங்கி, சர்ருவுக்குக் கை கிடையாதே என்றார்.

"சரிங்க, கொம்பு," என்றாள் அக்கா.

எங்கோ ஒருவர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பு சுவரோரமாக ஓடிச் சுற்றி வந்தது. எந்தக் கொம்பு, மேல் கொம்பா கீழ்க் கொம்பா என்று முடிதிருத்துபவர் கேட்டார். மேல் கொம்பில் கண் இருக்கிறது, எப்படித் தொடும் என்று காசாளர் பாய்ந்தார். மாமா வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். டீச்சர் மடமடவென்று தட்டினாள், ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டினாள், அனுப்பிவிட்டாள்.

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். தொட்டியில் காபி டம்ளர்கள் குவிந்திருந்தன. குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்தாள். கூடத்தில் புதிதாக ஒரு தகராறு கிளம்பியிருந்தது. சர்ரு தொடும்போது வெளிச்சம் வருமா, வந்தால் என்ன நிறம்? பச்சை என்றார் டாக்ஸிக்காரர். பச்சைதான், அதில் என்ன சந்தேகம் என்று இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன.

அவள் குழாயை மூடினாள். கையில் நுரையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"பச்சை நல்லா இருக்காது," என்றாள்.

டாக்ஸிக்காரர் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.