கிள்ளானுக்கு ஒரு சின்னப் பங்கு

தொண்ணூற்றாறாம் வருஷத்து மத்தியானங்களை நினைத்தால், குணபூசணிக்கு இன்றும் முதலில் கேட்பது கிள்ளானிலிருந்து போனில் வரும் ரமணியின் குரல்தான்.

"ஏய் பூசணி, உன் பொட்டி சாப்புட்டுத் தூங்கிருச்சா? இங்க லோரிக்காரன் பிரேக் சாமான் கேட்டு நிக்கிறான் லா!"

லோரி உதிரிபாகம் விற்கும் கம்பெனி. பிரிக்பீல்ட்ஸ் தலைமை அலுவலகத்தில் கணினிகளைக் கவனிப்பது குணபூசணி. கிள்ளான் ஊர்க் கிளையின் கவுண்டரில் ரமணி. நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. கவுண்டரின் கணினித் திரை உறையும் நேரமெல்லாம் பேசிப் பேசியே, ரமணியின் மாமியார் எந்த மீனை எப்படிக் கெடுப்பார் என்பதுவரை குணபூசணிக்குத் தெரியும்.

திரை உறையும் காரணமும் தெரியும். இரண்டு இடத்துப் பதிவுகளும் இருக்கும் தலைமை அலுவலகத்தின் பெரிய சேமிப்புப் பெட்டிக்குள், அடிக்கடி கேட்பதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள 'கேஷ்' என்றொரு சிறிய நினைவகம் உண்டு. மத்தியானம் கம்பெனியின் சரக்கு இருப்புக் கணக்கு ஓடத் தொடங்கினால் அதுவே கேஷ் முழுவதையும் பிடித்துக்கொள்ளும்; கிள்ளானின் பதிவுகள் வெளியே தள்ளப்படும். காத்துச் சலித்த லோரிக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். இப்படியே போனால் தீபாவளியோடு கிள்ளான் கவுண்டரை மூடி, ரமணியைச் செராஸ் கிடங்குக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

"செராஸா? அவ்ளோ தூரம் யாரு போறது? வேலய விட்டுட்டு மாமியார் மீனத் தின்னுக்கிட்டு கெடக்கணும்," என்று சிரித்தாள் ரமணி.

குணபூசணி அன்றே கேஷை இரண்டாகப் பிரித்தாள். யாரும் குறை சொல்லக்கூடாதென்று, அண்ணன் தம்பி வீட்டைப் பிரிப்பதுபோலச் சரிபாதி. கவுண்டர் வேலை பறந்தது. இருப்புக் கணக்கோ விளக்கு வைக்கும் நேரம்வரை இழுத்தது.

கணக்கு மேலாளர் தியாகராசா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னம்மா, ஒரு கவுண்டருக்குப் பாதி, கம்பெனி கணக்குக்குப் பாதியா? நாளைக்குப் பழையபடி மாத்திடு!"

மறுநாள் காலையில் குணபூசணியே ரமணியை அழைத்தாள். "அங்க என்னென்ன சாமான் கேப்பாங்க?"

"என்னென்னவா? அதே பிரேக், அதே பெல்ட்டு. வர்றவனும் அதே மூஞ்சிதான் லா."

அப்போதுதான் குணபூசணிக்கு உறைத்தது. அதே சில பதிவுகளையே திரும்பத் திரும்பக் கேட்பவளுக்குப் பாதி எதற்கு? கொஞ்சம் போதும், வேறு யாரும் தொடாமல் இருந்தால். சின்னத் துண்டொன்றைக் கிள்ளானுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கணக்குக்கே விட்டாள்.

அன்று கணக்கு நேரத்தோடு முடிந்தது. "மாத்திட்டியா?" என்றார் தியாகராசா.

"மாத்திட்டேன் சார்."

தீபாவளி போயிற்று, கவுண்டர் மூடப்படவில்லை. மத்தியானங்களில் போனும் அடிக்கவில்லை. அந்தத் துண்டை இன்னும் கொஞ்சம் குறைத்தால் போன் மறுபடி அடிக்குமே என்று ஒருநாள் அவள் விரல் விசைகள்வரை போய்த் திரும்பியது.

அந்தச் சனிக்கிழமை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனாள். கவுண்டரில் கூட்டம். லோரிக்காரர்களின் பின்னால் போய் நின்றாள். அவள் முறை வந்தபோது, உள்ளேயிருந்த ஒல்லியான பெண் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்:

"என்னக்கா வேணும்? சீக்கிரம் லா, பின்னால ஆள் நிக்குது."

"ஒன்னும் வேணாம். சும்மாதான் வந்தேன்," என்றாள் குணபூசணி.

அந்தக் குரலைக் கேட்டதும் ரமணியின் கை விசைகளின்மேல் அப்படியே நின்றது.