வார்னிஷும் பிளீச்சிங் பவுடரும்

கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் கற்களைப் பழுது பார்க்கும் வேலைக்கு வந்து பதினோரு வருஷத்தில் கல்லுக்காரம்மா எத்தனையோ புகார்களைக் கேட்டாயிற்று. எல்லாமே செத்தவர்களின் கல்லைப் பற்றி உயிரோடிருப்பவர்கள் சொன்னவை. தன் சொந்தக் கல்லைப் பற்றி ஒரு ஆள் தானே வந்து புகார் சொன்னது அன்றைக்குத்தான்.

"ஏம்மா, என் பேர்ல பாதியக் காணோம்" என்றார் பெரியவர்.

படகு இன்ஜின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபோது, பின்னால் யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று அதே கல்லின் வலது பாதியில் தன் பெயரையும் பிறந்த வருஷத்தையும் பொறித்து, கடைசி வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். மனைவியின் பாதி குத்துக்கல் மாதிரி அப்படியே இருந்தது. அவருடைய பாதி மழையில் நனைந்த சுவரொட்டி போலப் பொருக்குப் பொருக்காக உரிந்துகொண்டிருந்தது.

கல்லுக்காரம்மா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பளபளவென்று ஒரு ஏடு கையோடு வந்தது.

"இதுல என்னய்யா பூசுனீங்க?"

"படகு வார்னிஷ். உப்புக் காத்துக்கு அதைவிட்டா மருந்து ஏது?"

"படகு மரம்யா, இது கல்லு. உள்ள இறங்குன உப்பு வெளிய வர வழி வேணும். நீங்க கதவைச் சாத்திட்டீங்க. அது சுவத்தை உடைச்சிட்டு வருது." அவளுக்கு ஒரு சந்தேகம். "ஆமா, அம்மா பக்கம் ஏன் பூசல?"

"அவளுக்கு வார்னிஷ் வாசனை ஆகாது" என்றார் பெரியவர்.

அதற்குள் பக்கத்துக் கல்லிலிருந்து சரக் சரக் என்று சத்தம் வந்தது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருத்தி, முட்டி போட்டு உட்கார்ந்து, பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கம்பி பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்லுக்காரம்மாவுக்குத் தன் முதுகையே தேய்த்தது போலிருந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

"அம்மா, நிறுத்துங்க!"

"பாசி பிடிச்சிருக்கே?"

"பாசி மட்டுமா போச்சு? இந்தப் பேர்ல இருந்த கொம்பும் போச்சு, பாருங்க."

அதுவும் ஜோடிக் கல்தான். வலது பக்கம் கணவர். இடது பக்கம் இந்த அம்மாளே. டிக்கெட் அம்மாள் குனிந்து தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எனக்குக் கொம்பு முளைச்சிருக்குன்னு எங்க வீட்டுக்காரர் எப்பவும் சொல்வார். போனா போகட்டும்."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். கல்லுக்காரம்மா சிரிக்கவில்லை. இரண்டு பேரையும் நிற்க வைத்து ஒரு பாட்டம் திட்டினாள். வார்னிஷ் கூடாது, பிளீச்சிங் கூடாது, கம்பி பிரஷ் கூடவே கூடாது. நல்ல தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். வார்னிஷை அவளே பக்குவமாக எடுத்துவிடுவாள். பிறகு ஊறவைத்த காகிதக் கூழை இரண்டு கற்களின்மேலும் அப்பி வைத்தால், காயக் காய அது உப்பை உறிஞ்சிக்கொள்ளும். வாரம் ஒரு தடவை உரித்துவிட்டுப் புதுக் கூழ் அப்ப வேண்டும். கூடமாட வேலைக்கு இருவரும் வர வேண்டும்.

வந்தார்கள். ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வந்தார்கள். ஒரே ஆளிடம் திட்டு வாங்கியவர்களுக்குப் பேச விஷயமா இல்லை?

"என்னா அதட்டு அதட்டுது, பாத்தீங்களா?" என்று டிக்கெட் அம்மாள் ஆரம்பிப்பாள்.

"கல்லுகிட்டயும் இப்படித்தான் பேசும்போல" என்பார் பெரியவர். நாலு கல் தள்ளி வேலை செய்துகொண்டிருந்த கல்லுக்காரம்மாவுக்கு எல்லாம் காதில் விழும்.

நாலாவது வாரம் கூழில் உப்பு அநேகமாகக் குறைந்துவிட்டது. ஐந்தாவது வாரம் கூழை உரித்து, உப்புப் பார்க்க ஒரு துளி நாக்கில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள். கரித்துக்கொட்டியது. ஆறாவது வாரம் அதைவிட மோசம். வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் உப்பு இறங்கித்தான் பார்த்திருக்கிறாள், ஏறிப் பார்த்ததில்லை. தன் கைவேலைமீதே சந்தேகம் வந்து, அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏழாவது வாரம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வந்தாள். பெரியவர் வாளியும் கையுமாகக் கடற்கரையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். டிக்கெட் அம்மாள் கல்லருகே நின்று, "யாரும் வரல, சீக்கிரம் ஊத்துங்க" என்று கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா இது?" என்றாள் கல்லுக்காரம்மா பின்னாலிருந்து.

வாளி கீழே விழுந்தது. பெரியவரின் காலெல்லாம் கடல் தண்ணீர்.

"உப்பு தீந்துட்டா நீ வர வேணாம்னு சொல்லிடுவியேம்மா" என்றார், பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "அப்புறம் நாங்க எதைச் சொல்லிட்டு வீட்டவிட்டுக் கிளம்புறது?"

டிக்கெட் அம்மாள் தொண்டையைச் செருமினாள். "நேத்துதான் பேசி முடிவு பண்ணோம். கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அதனால ரெண்டு கல்லுலயும் எங்க பேரை எடுத்துடணும்."

கல்லுக்காரம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பெயரை எடுப்பதென்றால் அரை விரல் ஆழத்துக்குக் கல்லை இழைக்க வேண்டும். ஏழு வாரம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியதை அவள் கையாலேயே ராவித் தள்ளுவதா?

விஷயம் எப்படியோ கசிந்து, மறுநாள் பெரியவரின் மகள் புயல் மாதிரி வந்தாள்.

"எங்கம்மா பக்கத்துல இருந்து எங்கப்பா பேரை எடுக்கப் போறீங்களாமே? எடுத்துப் பாருங்க, நடக்கிறதே வேற!"

"எனக்கும் எடுக்க மனசில்லைங்க" என்றாள் கல்லுக்காரம்மா. "நீங்களே வந்து பாருங்க."

மகள் இரண்டு கற்களுக்கும் எதிரே இடுப்பில் கைவைத்து நின்றாள். ஒவ்வொரு பெயராக விரல் நீட்டிப் படித்தாள். அம்மா. அடுத்து அப்பா. அடுத்த கல்லில் அந்த அம்மாள். கடைசியில் அந்த அம்மாளின் கணவர். நீட்டிய விரல் நடுவிலிருந்த இரண்டு பெயர்களுக்குத் திரும்பி வந்து நின்றது.

"அடப்பாவிகளா! பக்கத்துல பக்கத்துலதானே இருக்கீங்க!" என்றாள். "இதுல அழிக்க என்ன இருக்கு?"

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். டிக்கெட் அம்மாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்து பார்த்தாள். ஏழு வாரம் அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களுக்கு இது உறைக்கவே இல்லை. மகளின் கோபம் முழுசாக அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் போகும்போது, "என்னைக்குன்னு முன்னாடியே சொல்லுங்க, லீவு போடணும்" என்றாள்.

பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துக்குக் கல்லுக்காரம்மாவையே கூப்பிட்டார்கள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனாள். மணமக்களை எந்த வகையில் தெரியும் என்று படிவத்தில் ஒரு கேள்வி. பொய் எழுத அவளுக்கு வராது. "இவர்கள் கல்லறையைப் பராமரித்து வருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தாள்.

குமாஸ்தா அதைப் படித்தார். எதிரே கைகோத்து நின்ற இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தினார்.