மகிஷாசுரனின் மீசை

பருத்தி மண்டி வாசலில் வைத்துக் கொம்பையாவைப் பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்தான் ஒருவன். முகத்தில் கட்டியிருந்த துண்டு ஒரு கணம் நழுவியது. அதைப் பார்த்த ஒரே ஆள், கோவில்பட்டியில் காலண்டருக்குச் சாமிப்படம் வரையும் சோலைச்சாமி.

மறுநாள் காலை, போலீஸ் வந்து விசாரிப்பதற்கு முன்பே கொம்பையாவின் தம்பி சுந்தரபாண்டியன் அரிவாளோடு வந்து நின்றான். பின்னால் அவன் மச்சினன் விஜயராஜ். சிவந்த, சாந்தமான முகம். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த தழும்பை மட்டும் எடுத்துவிட்டால் முருகனுக்கு அப்படியே பொருந்தும் என்று அந்தப் பயத்திலும் சோலைச்சாமிக்குத் தோன்றியது. முப்பது வருஷத் தொழில் புத்தி. காலண்டர் சாமிக்குத் தழும்பு கிடையாதே!

"அண்ணாச்சி, நீங்க பாத்திருக்கீங்க. வரைங்க. இல்லன்னா வரையுத கை இருக்காது."

வரைந்தார். உருண்டைக் கண், காதுவரை மீசை, தடித்த உதடு.

"டீக்கடை மாயகிருஷ்ணன்லா இது!" கத்தியவன் விஜயராஜ்.

இருவரும் புல்லட்டில் பறந்தார்கள். சோலைச்சாமி படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். போன வருஷக் காலண்டரில் துர்க்கையின் காலடியில் மகிஷாசுரன். அதே கண், அதே மீசை. அந்த அசுரனுக்கு மாதிரியாக வந்து உட்கார்ந்தவன் மாயகிருஷ்ணன்தான். கொலைகாரன் என்றதும் கை தனக்குத் தெரிந்த அசுரனைப் போட்டுவிட்டது.

சட்டைகூடப் போடாமல் ஓடினார்.

கடையில் பாய்லர் கவிழ்ந்து கிடந்தது. கொதிநீரில் ரத்தம் கலந்து ஓடியது. தோள் பிளந்து கிடந்தான் மாயகிருஷ்ணன். சுந்தரபாண்டியன் அடுத்த வெட்டுக்கு ஓங்கியிருந்தான். சோலைச்சாமி குறுக்கே விழுந்தார்.

"அவன் இல்லப்பா! நான் பாத்தத வரையல. பழகினத வரைஞ்சுட்டேன்!"

அரிவாள் அவர் கழுத்துக்கு வந்தது. "என்னவே, விளையாடுதீரா? அப்ப யாரு?"

"ஆளு கிறுக்கு புடிச்சு உளறுதாரு. ரெண்டு பேரையும் முடிச்சிருவோம் அத்தான்," என்றான் விஜயராஜ்.

சோலைச்சாமி அடுப்புக்கரியை எடுத்துச் சுண்ணாம்புச் சுவரில் வைத்தார். இந்தத் தடவை மீசையில் ஆரம்பிக்கவில்லை. நழுவிய துண்டின் விளிம்பு. அதன் மேலே நெற்றி. இடது புருவம்... பாதியில் ஓர் இடைவெளி. அதை அடைத்துவிடக் கை துடித்தது. அடைக்கவில்லை. அப்படியே விட்டார்.

விஜயராஜின் அரிவாள் இறங்கியது. கரித்துண்டோடு சோலைச்சாமியின் மூன்று விரல்கள் சாம்பலில் விழுந்தன.

சுந்தரபாண்டியன் சுவரைப் பார்த்தான். மச்சினனைப் பார்த்தான்.

"கண்ணு மூக்குகூட இன்னும் வரையலையே மாப்ள... அதுக்குள்ள ஒனக்கு எப்படிலே தெரிஞ்சுது?"

வாசலைத் தாண்ட விஜயராஜுக்கு நேரம் கிடைக்கவில்லை.

சோலைச்சாமி திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த இடது கையால் மாயகிருஷ்ணனின் தோளைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவன் கண்ணைத் திறந்தான்.

"அண்ணாச்சி... இனிமே அசுரனுக்கு வேற ஆளப் பாரும்."